டேப்லெட் டிரைவர் ஓட்டைகள்: ஆண்ட்ராய்டு, ஐபேட், சர்ஃபேஸ் – யாருடைய ஓட்டை சீக்கிரம் அடைபடுகிறது?

2019-இல் அமேசான் ஃபயர் டேப்லெட் வைத்திருந்த சிலருக்கு ஒரு சின்ன நிரல் கிடைத்தது. கருவி தொடங்கும்போது முதலில் ஓடும் பூட்லோடரைத் திறக்க வேண்டாம், தரவை அழிக்க வேண்டாம். அதை ஓட்டினால் சில நொடிகளில் ரூட் அதிகாரம், அதாவது கருவியின் முழுக் கட்டுப்பாடு, வந்துவிடும். தங்கள் கருவியை விருப்பப்படி மாற்ற நினைத்தவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அந்த நிரல் நுழைந்த வழி அமேசான் எழுதியது அல்ல. உள்ளே இருந்த மீடியாடெக் சிப்போடு வந்த ‘கமாண்ட் க்யூ’ டிரைவரில் (வன்பொருளை இயங்குதளத்தோடு பேச வைக்கும் நிரல்) இருந்த பாதுகாப்பு ஓட்டை அது. சாதாரணச் செயலி ஒன்று கேட்டாலே போதும், நினைவகத்தின் எந்த மூலையையும் படிக்கவும் எழுதவும் அந்த டிரைவர் வழிவிட்டது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சொந்த இடத்துக்கும் விலக்கு இல்லை.

மீடியாடெக் 2019 மே மாதமே பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், கொடுத்துவிட்டது. அமேசானும் ஃபயரில் அடைத்தது. ஆனால் பல தயாரிப்பாளர்கள் அந்தப் பேட்சைத் தங்கள் கருவிகளில் சேர்க்கவே இல்லை. 2020 ஜனவரியில், கூகுள் பிளேயில் இருந்த தீங்கான செயலிகள் சிலவற்றை டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அவை கருவியைக் கைப்பற்றப் பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையில் சிவிஇ-2020-0069 என்ற ஓட்டை அடையாள எண்ணோடு இது வந்தது 2020 மார்ச்சில்தான். பேட்ச் பிறந்து பத்து மாதம் கழித்து.

டேப்லெட் வாங்குபவர்கள் திரை, பேட்டரி, பேனா எல்லாவற்றையும் ஒப்பிடுகிறார்கள். இந்தப் பத்து மாதத்தையும் ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி. டிரைவரில் ஓட்டை இல்லாத டேப்லெட் கிடையாது. டிரைவரை எழுதியவருக்கும் அதைக் கையில் வைத்திருப்பவருக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

டிரைவரை ஏன் குறிவைக்கிறார்கள்? அது கெர்னலுக்குள்ளேயே, கெர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. அதிலும் திரையில் படம் வரையும் சிப்பான ஜிபியுவின் டிரைவர் தனி ரகம். கேமராவையும் மைக்கையும் நேரடியாகத் தொட விடாமல், இடையில் ஒரு சேவையை நிறுத்திச் செயலிகளைத் தள்ளி வைக்கலாம். ஜிபியுவை அப்படிப் பூட்ட முடியாது. அதனோடு பேசாமல் எந்தச் செயலியும் திரையில் வேகமாக எதையும் வரைய முடியாது. ஆக, சாண்ட்பாக்ஸ் என்ற தனிக் கூண்டுக்குள் அடைபட்ட செயலிக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. வழக்கமாக நடப்பது இது: நினைவகத்தின் ஒரு பக்கத்தை விடுவித்துவிட்டதாக டிரைவர் கணக்கு எழுதும், ஜிபியுவோ அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டைக் காலி செய்த குடித்தனக்காரரிடம் இன்னொரு சாவி தங்கிவிட்ட மாதிரி. அந்தப் பக்கத்தைக் கெர்னல் தன் முக்கியமான வேலைக்கு எடுத்துக்கொண்டதும், பழைய சாவியோடு உள்ளே போய் வேண்டியதை எழுதிவிடலாம்.

ஆண்ட்ராய்டில் இந்தக் கதை நீளமானது. ஓட்டைகளைத் தேடும் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த யான் ஹோர்ன், சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் மாலி ஜிபியு டிரைவரில் ஐந்து ஓட்டைகளை 2022 ஜூன், ஜூலையில் தெரிவித்தார். ஆர்ம் ஜூலை, ஆகஸ்டிலேயே சரிசெய்துவிட்டது. நவம்பரில் அந்தக் குழு சோதித்துப் பார்த்தபோது பிக்சல், சாம்சங், ஷாவ்மி, ஓப்போ எதிலும் அது வந்து சேரவில்லை. கூகுளின் ஆளே கண்டுபிடித்தது, கூகுளின் சொந்தக் கருவியிலேயே அடைபடாமல் கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஐக்கிய அரபு அமீரகத்தில் சாம்சங் பிரவுசரைக் குறிவைத்த ஓர் உளவு மென்பொருள் பிடிபட்டது. அது பயன்படுத்திய மாலி ஓட்டையை ஆர்ம் 2022 ஜனவரியிலேயே சரிசெய்திருந்தது. சாம்சங் கருவிகளுக்கு அதுவரை அந்தப் பேட்ச் போகவில்லை.

இவை ஃபோன்களில் நடந்தவை. ஆனால் பிக்சல் டேப்லெட்டில் இருப்பதும் மாலிதான், எக்சினோஸ் சிப் போட்ட பல கேலக்ஸி டேப்களில் இருப்பதும் மாலிதான். ஸ்னாப்டிராகன் டேப் வாங்கினால் தப்பிக்கலாமா என்றால், இல்லை. ஜிபியு டிரைவரிலும் வேறு சிலவற்றிலும் உள்ள ஓட்டைகள் தாக்குதலில் பயன்படுகின்றன என்று, ஸ்னாப்டிராகனைத் தயாரிக்கும் குவால்காமே 2023 அக்டோபரில் எச்சரித்தது.

ஐபேடில் டிரைவர் மட்டும் சுத்தமா? அதுவும் இல்லை. திரையைக் கவனிக்கும் ஐஓமொபைல்ஃப்ரேம்பஃபர் என்ற ஒரே டிரைவரில், ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டிருக்கலாம் என்று ஆப்பிளே ஒப்புக்கொண்ட ஓட்டைகளை 2021 ஜூலையில், அக்டோபரில், மறுபடி 2022 ஜனவரியில் அடைத்தார்கள். அரை வருடத்துக்குள் மூன்று. நிரலின் தரத்தை மட்டும் பார்த்தால் ஆப்பிளுக்கு நான் முதல் மதிப்பெண் போட மாட்டேன்.

போடுவது விநியோகத்துக்கு. சிப், டிரைவர், இயங்குதளம் எல்லாம் ஒரே வீட்டுச் சமையல் என்பதால், அப்டேட் வெளியாகும் நாளில் அந்தப் பதிப்பை ஏற்கும் எல்லா ஐபேடுக்கும் அது கிடைக்கிறது. 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-க்கு 2025 மார்ச்சில்கூட ஐபேட்ஓஎஸ் 15.8.4 வந்தது. பழைய பதிப்புகளில் எல்லா ஓட்டையும் அடைக்கப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதை ஆப்பிள் மறைப்பதில்லை. இருந்தாலும், அத்தனை வயதான ஆண்ட்ராய்டு டேப் ஒன்றுக்குத் தயாரிப்பாளர் பேட்ச் அனுப்பி நான் பார்த்ததில்லை.

ஐபேடின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: வெளியாட்களால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. 2023-இல் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஊழியர்களின் ஐஃபோன்களில் கண்டுபிடித்த ‘ஆபரேஷன் டிரயாங்குலேஷன்’ தாக்குதல், எந்த ஆவணத்திலும் குறிப்பிடப்படாத வன்பொருள் பதிவேடுகளை (சிப்புக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டு இடங்கள்) பயன்படுத்திக் கெர்னல் பாதுகாப்பைத் தாண்டியது. அது சிக்கியதும் கருவியை ஆராய்ந்ததால் அல்ல; தங்கள் அலுவலக வைஃபையில் வித்தியாசமான போக்குவரத்தைக் கவனித்ததால். அப்புறம் ஆப்பிள் வெளியிட்ட பேட்ச் ஐபேடுக்கும் சேர்த்தே வந்தது.

விண்டோஸ் டேப்லெட், அதாவது சர்ஃபேஸ் வகையறா, முற்றிலும் வேறு மாதிரி. அங்கே உங்கள் டேப்லெட்டில் ஓட்டையுள்ள டிரைவர் இருக்க வேண்டும் என்பதே இல்லை. தாக்குபவர் தன் கையோடு ஒன்றைக் கொண்டுவருவார். முறையான டிஜிட்டல் கையெழுத்துள்ள பழைய டிரைவர் என்பதால் விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளும். டெல் கணினிகளின் டிபியுடில் என்ற அப்டேட் டிரைவரில் பன்னிரண்டு வருடம் கிடந்த ஓட்டைகளை 2021 மே மாதம் சென்டினல்ஒன் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் லாசரஸ் என்ற ஹேக்கர் கும்பல் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயன்படுத்தியது. இதற்கு முதலில் நிர்வாகி அதிகாரம் வேண்டும், சரி. ஆனால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் அந்த அதிகாரம் கிடைத்த பிறகு பாதுகாப்பு மென்பொருளை முடக்கத்தான் இந்த வழியில் வருகிறார்கள். இப்படிப்பட்ட டிரைவர்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு பட்டியல் வைத்திருந்தது. விண்டோஸ் 10 கணினிகளுக்கு அந்தப் பட்டியல் 2019-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை என்பது 2022-இல்தான் வெளியே தெரிந்தது. காவலாளி இருக்கிறார் என்று நம்பிப் படுத்தவர்களுக்கு இது பெரிய துரோகம்.

விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து பட்டியல் தானாகவே இயங்குகிறது. சர்ஃபேஸ் வைத்திருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் வழியாகப் போய், கெர்னலைக் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டி இயங்குகிறதா என்று பாருங்கள். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட புதிய சர்ஃபேஸ் ப்ரோவுக்கு ஒரு கூடுதல் நன்மை: இன்டெலுக்காக எழுதிய பழைய கெர்னல் டிரைவர்கள் அதில் ஏறவே ஏறாது.

கருவி அடுத்தவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். செர்பியாவில் ஒரு மாணவப் போராட்டக்காரரின் ஆண்ட்ராய்டு ஃபோனை, பூட்டிய ஃபோன்களைத் திறக்கும் செலிபிரைட் கருவியைச் செருகி யுஎஸ்பி டிரைவர் ஓட்டைகள் வழியாக அதிகாரிகள் திறந்ததை, மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி 2025 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. அதில் ஒன்று, வெப்கேமராவுக்கான லினக்ஸ் டிரைவரில் 2008 முதல் இருந்தது. ஃபோனில் வெப்கேமரா செருகுபவர் யார்? ஆனாலும் டிரைவர் உள்ளே தயாராக இருந்தது. பூட்டி ஒரு மணி நேரம் ஆன ஐபேட் யுஎஸ்பி வழியே தரவைப் பேசாது. 2018 முதல் இந்த ஏற்பாடு உண்டு. அதையும் தாண்டிய ஓர் ஓட்டையை 2025 பிப்ரவரியில்தான் அடைத்தார்கள். இருந்தும் இந்த விஷயத்தில் ஐபேட் முன்னால் நிற்கிறது.

பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர் யாராவது என்னிடம் கேட்டால் யோசிக்காமல் ஐபேட் என்பேன். ஆண்ட்ராய்டுதான் வேண்டும் என்றால், எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொன்ன டேப்பை மட்டும் வாங்குங்கள். 2024-இல் வந்த கேலக்ஸி டேப் எஸ்10-க்கு ஏழு வருடம் சொல்லியிருக்கிறார்கள். வாங்கிய பிறகு செட்டிங்ஸில் பாதுகாப்புப் பேட்ச் தேதியைப் பாருங்கள். மாதம் எது என்பதோடு, நாள் 1-ஆ 5-ஆ என்பதும் முக்கியம். 1 என்றால் ஆண்ட்ராய்டின் மேல் அடுக்குப் பேட்ச்கள் வந்திருப்பது மட்டும்தான் உறுதி. கெர்னலும் சிப் நிறுவனங்களின் டிரைவர்களும் 5-ஆம் தேதிப் பேட்சில்தான் அடங்கும். இவ்வளவு நேரம் பேசிய மாலியும் குவால்காமும் அதற்குள்தான் வரும்.

எங்கள் வீட்டில், அக்கா மகனின் ஆன்லைன் வகுப்புக்காக 2021-இல் வாங்கிய மலிவான டேப் ஒன்று இருக்கிறது. அதன் பேட்ச் தேதி வாங்கிய வருடத்தைத் தாண்டவே இல்லை, நாளும் 1-தான். தயாரித்தவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை. பேங்க் செயலி, மெயில், அக்காவின் கூகுள் கணக்கு எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்துவிட்டேன். வைஃபையையும் அணைத்து வைத்திருக்கிறோம். பாடப் புத்தகங்களைப் பிடிஎஃப்பாக ஏற்றிக் கொடுத்தாயிற்று, பையன் அதில் படிக்கிறான்.