அரியமான்: ராமேஸ்வரம் போகிறவர்கள் காற்றைப் பார்த்துப் போக வேண்டிய கடற்கரை

ராமேஸ்வரத்தில் கடலுக்குப் பஞ்சமில்லை. நிம்மதியாக உட்காரத்தான் இடமில்லை. அக்னி தீர்த்தத்தில் விடிவதற்கு முன்பே தர்ப்பணக் கூட்டம் சேர்ந்துவிடும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்த பிறகு, விடுமுறை நாளில் அங்கே வேன்களுக்கு நடுவில்தான் கடலைப் பார்க்க வேண்டும். இரண்டு கடலும் முட்டுகிற அந்த முனையில் இழுப்பு கடுமை, குளிக்கிற இடம் அல்ல. சாயங்காலம் ஆனால் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். குழந்தைகள், வயதானவர்கள் கூட இருந்து, தண்ணீரில் கால் வைத்து ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் போதும் என்றால் அரியமான்தான் சரி. ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி, மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே திரும்ப வேண்டும். குஷி பீச் என்ற பெயரும் உண்டு.

இது பாக் நீரிணைப் பக்கத்துக் கரை, உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பெண்கடல். இந்தக் கடலில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. கரையின் சரிவும் மெதுவானது. நன்றாக உள்ளே நடந்த பிறகும் பெரியவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும். அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, கரையை நக்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான். மெரினா, திருச்செந்தூர் மாதிரி அலையில் குதித்து விளையாட நினைப்பவர்களுக்கு இது ஏரிக்கரை போலச் சப்பென்று இருக்கும். மணலை ஒட்டி வளர்ந்திருக்கும் சவுக்குத் தோப்புதான் இந்த இடத்தின் பெரிய வரம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் மத்தியான நேரத்தில் இப்படி ஒரு நிழல் கிடைப்பது அபூர்வம். சவுக்கு ஊசியும் காயும் குத்தும் என்பதால் கோரைப்பாயோ கனமான ஜமுக்காளமோ கொண்டுபோங்கள். மெல்லிய துண்டு போதாது.

எந்த மாதம் போவது என்பதை இங்கே காற்றுதான் முடிவு செய்கிறது. அக்டோபர் கடைசியில் வாடைக்காற்று எழும்பினால் பாக் கடல் கலங்கிவிடும். நவம்பர், டிசம்பரில் பெண்கடல் என்ற பெயரை மறந்துவிடலாம்: தண்ணீர் சேற்று நிறம், கரை முழுக்கத் தாழை என்கிற கடற்புல். அந்தக் கறுத்த நாடாக் குவியலைப் பார்த்துவிட்டு ‘கடற்கரையைச் சுத்தமே செய்வதில்லை’ என்று திட்டுகிறவர்கள் உண்டு. அது குப்பை இல்லை. கடலடியில் புல்லாக வளர்வது, வாடையில் பிய்ந்து ஒதுங்கி வெயிலில் அழுகுகிறது. நாற்றம் நிஜம்தான், அதனால் அந்த இரண்டு மாதம் இந்தக் கரையைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது தெற்குப் பக்கம், மன்னார் வளைகுடாக் கரை, காற்றுக்கு மறைவாக அடங்கியிருக்கும். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய குந்துகால் அந்தப் பக்கம்தான். அங்கே நிற்கலாம், பார்க்கலாம். குளிக்கிற கரையாக அதை எண்ண வேண்டாம்.

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை அரியமானுக்கு நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில்தான் தொல்லை, கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இன்னும் அழகாகத் தெரியும். ஏமாற்றுவதும் இந்த மாதங்கள்தான். தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரத் தண்ணீர் சமமாகக் கிடக்கும். தனுஷ்கோடியில் மன்னார் பக்கம் சீறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இங்கே ஒரு சுருக்கம்கூட இருக்காது. ஆனால் அந்தக் காற்று, மிதக்கிற எதையும் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். குழந்தையை ரப்பர் டியூபிலோ காற்றடைத்த பொம்மையிலோ உட்கார வைத்துவிட்டு நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அலை இல்லாததால் யாருக்கும் பயமும் வராது. துரத்தி நடக்க நடக்க ஆழம் கூடும். இந்த மாதங்களில் டியூபைக் காரிலேயே விட்டுவிடுங்கள். பந்து அடித்துக்கொண்டு போனால் போகட்டும் என்று விடுங்கள். துண்டின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்: அது கடல் பக்கம் பறந்தால் மிதவை எதுவும் வேண்டாம்.

தெளிந்த மணல் தெரிகிற இடமாகப் பார்த்து இறங்குங்கள். கறுப்புத் திட்டாகத் தெரிவது தாழை படர்ந்த இடம், அடியில் சேறு, கால் புதையும். திருக்கை மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும் மீன். காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் அதன் முதுகில் மிதித்துவிடுவீர்கள், வாலிலுள்ள முள்ளால் அடித்துவிடும். பாதத்தை மணலில் தேய்த்தபடி நடந்தால் அதிர்வு தெரிந்து அதுவே விலகிப் போகும். முள் குத்திவிட்டால் தோல் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால் வலி இறங்கும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், உள்ளே முள் ஒடிந்திருக்கலாம். சொறி (ஜெல்லி மீன்) பட்டு எரிந்தால் கடல் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். பாட்டில் தண்ணீரை ஊற்றினாலோ மணலைப் போட்டுத் தேய்த்தாலோ, தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டுச் செல்களும் வெடித்து எரிச்சல் கூடும். கரைக்குப் பக்கத்தில் தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் கேனோ ஆடிக்கொண்டிருந்தால் அதன் கீழே வலை கிடக்கிறது என்று அர்த்தம். நண்டு வலையின் நைலான் இழை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, கணுக்காலில் சுற்றினால் இழுக்க இழுக்க இறுகும்.

படகுச் சவாரி இருந்தால் ஏறலாம், தப்பில்லை. லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டைகளையும் கட்டச் சொல்லுங்கள். சும்மா தோளில் மாட்டிக்கொண்டால், தண்ணீரில் விழும்போது அது தலைக்கு மேலே கழன்று போகும். ட்ரோன் எடுத்து வருகிறவர்கள் அதை வெளியே எடுக்கவே வேண்டாம். பக்கத்து உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது.

கோயிலோடு சேர்த்துத் திட்டமிடுவதில்தான் பலரும் சொதப்புகிறார்கள். ராமேஸ்வரத்தில் தங்கிக்கொண்டு அரியமானுக்குப் போய்த் திரும்பினால் பாம்பன் பாலத்தை இரண்டு தடவை கடக்க வேண்டும். ஞாயிறு மாலையில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் அங்கே நேரம் கரைந்துவிடும். ஊருக்குக் கிளம்புகிற நாளில் வழியில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம். காலையில் அக்னி தீர்த்தம், பிறகு 22 தீர்த்தம் (ஆளுக்கு 25 ரூபாய் கட்டணம்), ஈரத் துணி மாற்றித் தரிசனம். மத்தியானம் 1 மணிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதற்குள் முடிந்தாக வேண்டும். சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குப் புறப்பட்டால் வெயில் தணிகிற நேரத்தில் தோப்பில் இருக்கலாம். ஈரத் துணியைத் தனிப் பையில் கட்டிக்கொள்ளுங்கள், கடலில் இறங்க அதுவே போதும். சூரியன் ஜூலையில் 6:40 வாக்கிலும் நவம்பரில் 5:50 வாக்கிலும் மறையும். கரை ஏறக்குறைய வடக்கு பார்த்தது, அதனால் கடலுக்குள் சூரியன் விழுகிற காட்சிக்காக இங்கே வராதீர்கள்.

நுழைவுக்கும் வண்டி நிறுத்தவும் காசு கேட்பார்கள், சில்லறை கையில் இருக்கட்டும். வார நாளில் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குடிதண்ணீர் கண்டிப்பாகக் கொண்டுபோக வேண்டும், இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு அதிகம். கால் கழுவத் தனியாக ஒரு 5 லிட்டர் கேன் இருந்தால் காருக்குள் மணல் ஏறாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கிடைப்பது நாட்டுப்படகு மீன்தான், அளவு குறைவு, விலை ஏறியிருக்கும்.

கார் இல்லாதவர்கள் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறி, அரியமான் பிரிவில் நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்கிருந்து கரைக்கு நடப்பது வெயிலில் கஷ்டம், ஆட்டோ பிடியுங்கள். திரும்பி வருவதற்கும் அதே ஆட்டோக்காரரிடம் நேரம் சொல்லி, பாதிப் பணத்தைக் கடைசியில் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு அந்தக் கிளைச் சாலையில் காலி ஆட்டோ வராது.