ஹாஸ்கெல் நிறுவ எந்த வழி: ஆப்ட், ஸ்டாக், ஜிஎச்சி-அப்

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைக் கற்க உட்காருகிறவர்கள் மோனாட் என்ற கடினமான பாடம் வருவதற்கு முன்பே, நிறுவும் இடத்திலேயே திணறிவிடுகிறார்கள். கணினியில் ஏற்ற வேண்டியது ஒன்றல்ல: ஜிஎச்சி என்ற கம்பைலர், கபால் என்ற பில்ட் கருவி, எடிட்டருக்குள்ளேயே பிழையைக் காட்டும் எச்எல்எஸ். வேண்டுமென்றால் ஸ்டாக் என்ற இன்னொரு பில்ட் கருவியும். பழைய பாடங்கள் 'ஹாஸ்கெல் பிளாட்ஃபார்ம்' என்ற மூட்டையை இறக்கச் சொல்லும். அது 2022இலேயே கைவிடப்பட்டது, தேட வேண்டாம்.

உபுண்டு லினக்ஸ்காரர்களின் கை முதலில், அதில் மென்பொருள் நிறுவும் கட்டளையான ஆப்ட் பக்கம்தான் போகும். ஒரே வரியில் வேலை முடியும், நீக்குவதும் சுலபம். ஆனால் பதிப்பு பழசு. உபுண்டு 22.04இல் கிடைப்பது 8.8.4, அதாவது 2020இல் வந்த கம்பைலர். 24.04இல் 9.4.7. இன்றைய நூலகங்கள் பல 8.8ஐ ஏறெடுத்தும் பார்க்காது. கல்லூரி லேபில் நாலு ஃபங்ஷன் எழுதிப் பார்க்க இது போதும்.

ஸ்டாக் 2015இல் வந்தபோது பெரிய வரம். இரண்டு நூலகங்கள் ஒரே துணை நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டு அடித்துக்கொள்ளும் நிலைமைக்கு அன்று 'கபால் நரகம்' என்றே பெயர். ஸ்டாக்கேஜ் என்பது ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று பில்ட் செய்து பார்த்த பொதிகளின் தொகுப்பு. ஸ்டாக் அதை அடிப்படையாகக் கொண்டு, தேவையான ஜிஎச்சியையும் தானே இறக்கிக்கொள்ளும். ஒரு குழுவில் எல்லார் கணினியிலும் ஒரே மாதிரி பில்ட் ஆக வேண்டுமா, இன்றும் நல்ல தேர்வு. ஆனால் 2019இல் வந்த கபால் 3.0 ஒவ்வொரு புராஜெக்டையும் தனித்தனியாகக் கையாளத் தொடங்கியபின், அந்த நரகம் பெரும்பாலும் அணைந்துவிட்டது. ஸ்டாக் மட்டுமே கதி என்ற காலம் போய்விட்டது.

புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது ஜிஎச்சி-அப். மேலே சொன்ன கருவிகள் எல்லாவற்றையும் நிறுவித்தரும் கருவி இது. லினக்ஸில் ரூட் (நிர்வாகி) அனுமதி கேட்காமல் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே எல்லாவற்றையும் வைக்கும். பல ஜிஎச்சி பதிப்புகளை வைத்துக்கொண்டு வேண்டியபோது மாற்றலாம். டெர்மினலிலேயே ஒரு பட்டியல் திறக்கும், அம்புக்குறி விசையால் நகர்ந்து தேர்ந்தெடுக்கலாம்.

அந்தப் பட்டியலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். புதுசுதானே நல்லது என்று ஆக மேலே இருந்த ஜிஎச்சியைப் போட்டேன். புரோகிராம் ஓடியது, எடிட்டரில் மட்டும் ஒரே சிவப்பு. ஒரு மாலை முழுக்க எடிட்டர் செட்டிங்கைக் குடைந்த பிறகுதான் உறைத்தது. எச்எல்எஸ் ஒவ்வொரு ஜிஎச்சி பதிப்புக்கும் தனியாகக் கம்பைல் செய்யப்படுவது. புத்தம் புது ஜிஎச்சிக்கு அது வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகும். பட்டியலில் 'பரிந்துரை' அடையாளமும் எச்எல்எஸ் ஆதரவு அடையாளமும் உள்ள பதிப்பைப் போடுங்கள். ஒரு படி பழசானாலும் பரவாயில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு ஜிஎச்சியும் ஜிபி கணக்கில் வட்டை விழுங்கும். ஸ்டாக்கும் தன் பங்குக்கு இன்னொன்றை இறக்கினால் இரட்டைச் செலவு. நிறுவும்போது, ஸ்டாக்கை ஜிஎச்சி-அப்போடு இணைக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸில் எம்எஸ்ஒய்எஸ்2 என்ற யூனிக்ஸ் பாணிக் கருவித் தொகுப்பும் சேர்ந்து வருவதால் நேரம் பிடிக்கும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். உபுண்டுவில் கடைசி லிங்க் கட்டத்தில் ஜிஎம்பி என்ற பெரிய எண் கணக்கு நூலகம் இல்லை என்று அழுதால், அதன் டெவலப்மென்ட் பொதியை மட்டும் ஆப்ட் வழியாகப் போடுங்கள்.