என்எஸ்ஐஎஸ்ஸில் ஆறு வருடம், அப்புறம் இன்னோ செட்டப்

மதுரைக் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. சாப்ட்வேரை விட, அதைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் இன்ஸ்டாலர்தான் என்னை அதிகம் படுத்தியது.

முதலில் பயன்படுத்தியது என்எஸ்ஐஎஸ், இன்ஸ்டாலர் செய்து தரும் கருவி. பாட்டு கேட்கும் வினாம்ப்பைச் செய்த நல்சாப்ட்காரர்கள் எழுதியது, இலவசம். ஸ்கிரிப்டை கம்பைல் செய்தால் தலையில் ஒரு குட்டி நிரல், அதன் வாலில் சுருக்கிய கோப்புகள் என ஒரே இஎக்ஸ்இ வரும். டபுள் கிளிக் செய்தால் அது தன் வாலைத் தானே பிரித்துப் போடும். அந்தக் குட்டி நிரல் ஏறக்குறைய 34 கேபிதான். கிளம்பும்போதே தன் கோப்பு சிதைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளும். நெல்பேட்டையில் ஒரு கடையில் பென்டிரைவைச் செருகியதும் எரர் வந்தது, என் ஸ்கிரிப்டைத்தான் திட்டினேன், கடைசியில் பார்த்தால் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த வைரஸ் என் இஎக்ஸ்இக்குள் ஒட்டியிருக்கிறது. 2016-இல் 3.0 வந்து யூனிகோட் கிடைத்த பிறகு தமிழும் கேள்விக்குறியாக மாறாமல் தெரிந்தது.

சிக்கல் அன்இன்ஸ்டாலில், அதாவது போட்ட சாப்ட்வேரை நீக்குவதில். என்எஸ்ஐஎஸ்ஸில் அதையும் நாமே வரிவரியாக எழுத வேண்டும். நான் சோம்பல்பட்டு, இன்ஸ்டால் ஆன ஃபோல்டரை உள்ளே இருப்பதோடு துடைத்துவிடும் ஒற்றை வரியைப் போட்டிருந்தேன். கீழமாசி வீதி மளிகைக்கடை அண்ணாச்சி, இன்ஸ்டால் செய்யும்போது திரையில் காட்டிய பாதையின் கடைசிப் பெயரை அழித்துவிட்டு, டி டிரைவில் தான் எல்லாம் போட்டுவைக்கும் 'கணக்கு' ஃபோல்டரையே கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. புது வெர்ஷன் போடப் பழையதை எடுத்தேன், மூன்று விநாடி.

"தம்பி, ஜிஎஸ்டி பைலெல்லாம் எங்க?"

ஆடிட்டருக்கு அனுப்பிய மெயில்களில் இருந்து பாதியை மீட்டோம். தப்பு முழுக்க என்னுடையது.

அந்த வாரமே இன்னோ செட்டப்புக்கு மாறினேன். 1997-இலிருந்து இருக்கும் கருவி, இத்தனை நாள் நான்தான் பார்க்கவில்லை. தான் போட்ட கோப்புகளை ஒரு பதிவில் குறித்துவைத்து அன்இன்ஸ்டாலில் அவற்றை மட்டும் எடுக்கும், காலியாகாத ஃபோல்டரைத் தொடாது. (எல்லாவற்றையும் அழி என்று இதிலும் எழுதலாம், வேண்டாம் என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது.) டேட்டாபேஸ் கோப்புக்கு 'ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதாதே', 'அன்இன்ஸ்டாலில் எடுக்காதே' என ஸ்கிரிப்டில் இரண்டு ஃப்ளாக் (குறிச்சொல்) போதும்.

பழைய அன்இன்ஸ்டாலர் இன்னும் சில கடைகளில் கிடக்கிறது. போனதும் அந்த இஎக்ஸ்இயை அழித்துவிட்டுத்தான் டீயைத் தொடுகிறேன்.