பச்சை லேசர்: 350 ரூபாய் குழாயும் 2,400 ரூபாய் பேனாவும்

திருவாரூர்ப் பக்கம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட், லைட் கட்டுவது என் தொழில். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், ராத்திரியில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வானம் காட்டுவது தொழிலில் சேராத வேலை. நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்ட நான் கையில் வைத்திருக்கும் பச்சை லேசரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று வாங்கணும், எதை வாங்கறது?" என்று கேட்காத வாத்தியார் இல்லை. என்னிடம் இருக்கும் இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, ஆன்லைனில் 350 ரூபாய்க்கு வந்த கறுப்புக் குழாய். தடியாக, கனமாக, பின்பக்கம் சாவி போட்டுத் திறப்பதுபோல இருக்கும். தளத்தில் விளம்பரம் ஒரு பவரைச் சொல்கிறது, குழாயில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு என்கிறது. ஸ்டிக்கர் சொல்வது நிஜமில்லை என்பது சுவரில் அடித்த உடனே தெரிந்தது. பச்சைப் புள்ளியை நேராகப் பார்க்கவே முடியவில்லை, கண் கூசுகிறது. இரண்டாவது, தொலைநோக்கி விற்கும் கடையில் 2,400 ரூபாய்க்கு வாங்கிய மெல்லிய பேனா. அலை நீளம் 532 நானோமீட்டர், பவர் 5 மில்லிவாட்டுக்குள், லேசர் பாதுகாப்பு வகுப்பு 3ஆர் என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாவம் போலத்தான் இருக்கிறது. ஆனால் வயலுக்கு நான் கொண்டுபோவது இதைத்தான்.

ஏன் பச்சை என்று பிள்ளைகளே கேட்பார்கள். வெளிச்சத்தில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலை நீளத்தை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது 507 பக்கம் நகர்ந்துவிடும். 532 இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதே பவருள்ள 650 நானோமீட்டர் சிவப்பு, கண்ணுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் தெரியும். அது போக, அலை நீளம் குறையக் குறையக் காற்று ஒளியை அதிகம் சிதறடிக்கும். அந்தச் சிதறல்தான் வானத்தில் கோடாகத் தெரிகிறது. கடைத்தெருவில் விற்கும் சிவப்பு லேசரை வானத்தில் அடித்தால் கோடே விழாது.

இங்கேதான் நம் ஊரின் சங்கதி வருகிறது. டெல்டா காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கும். எங்கேயாவது வைக்கோல் எரித்த புகையும் சேர்ந்துகொள்ளும். 5 மில்லிவாட் பேனாவே வயலில் நின்று மேலே பிடித்தால் பச்சைக் கம்பி நட்டதுபோல நிற்கிறது. கோட்டுக்குள் புகுந்து பறக்கும் பூச்சி ஒவ்வொன்றும் பளிச் பளிச்சென்று மின்னும். பிள்ளைகளுக்கு நட்சத்திரத்தைவிட அதுதான் முதலில் பிடிக்கிறது. கொடைக்கானல் மாதிரி தெளிந்த மலைக்காற்றில் கோடு இதைவிட மங்கலாகத் தெரியலாம். நமக்கு இதற்கு மேல் பவர் வேண்டவே வேண்டாம்.

அந்த 350 ரூபாய்க் குழாயை ஒதுக்கி வைத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இந்த வகை லேசருக்குள் பச்சை ஒளி நேராகப் பிறப்பதில்லை. முதலில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி தரும் டையோடு. அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் ஒளியை எழுப்பும். அதை இன்னொரு படிகம் பாதி அலை நீளமாக்கி 532 ஆக வெளியே தரும். மிச்சம் மீதி அகச்சிவப்பை நிறுத்த முன்னால் ஒரு சின்ன வடிகட்டி போட வேண்டும். விலையைக் குறைக்க முதலில் தூக்கப்படுவது அதுதான். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் கண் மூடிக்கொள்ளவும் செய்யாது. ஆபத்து அங்கே இருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பழைய பாட்டு சிடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், என் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இருட்டு அறையில் சிடியை மேசையில் சாய்த்து நிறுத்தி, லேசரைக் கையில் வைத்துக்கொள்ளாமல் புத்தக அடுக்கில் கட்டி, ஒளி சிடியில் பட்டுச் சுவரில் விழும்படி செய்யுங்கள். உங்கள் முகம் அந்தப் பாதைக்கு வெளியே இருக்கட்டும். சிடியின் நுண்ணிய தடங்கள் ஒளியைப் பிரிப்பதால் சுவரில் வரிசையாகப் பச்சைப் புள்ளிகள் விழும். இப்போது போனின் செல்ஃபி கேமராவில் சுவரைப் பாருங்கள். அதற்கு முன்னால் டிவி ரிமோட்டின் பட்டனை அமுக்கி அந்த கேமராவுக்கு அகச்சிவப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லா போனிலும் தெரியாது. என் குழாயை வைத்தபோது, முதல் பச்சைப் புள்ளிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில், கேமராவில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. 808 விழ வேண்டிய இடம் அதுவேதான். பேனாவை வைத்தபோது அந்த இடம் காலி.

என் குழாய் மட்டும் மோசம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 122 லேசர்களைச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவில், பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அங்குள்ள வரம்பைத் தாண்டியிருந்தன. ஸ்டிக்கரைப் படித்து வாங்குவதில் எவ்வளவு பிரயோஜனம் என்று பாருங்கள்.

மேடையில் லேசர் ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கச்சேரி லேசர் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரே இடத்தில் நிற்காது. அப்படியிருந்தும் ஒரு கல்யாணத்தில் வீடியோ எடுத்தவரின் கேமராவில் நிரந்தரமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. கையில் பிடிக்கிற லேசர் நிற்கும். 5 மில்லிவாட்டுக்குள் இருந்தால் கண் தானாகவே இமைத்துக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளும். 50, 100 என்று போனால் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அதனால்தான், "மாமா, ஒரு தடவை நான் பிடிக்கட்டுமா?" என்று எத்தனை பேர் கெஞ்சினாலும் நான் கொடுப்பதில்லை. வயலில் தேங்கிய தண்ணீர், பைக் கண்ணாடி, டீச்சரின் மூக்குக் கண்ணாடி எல்லாமே திருப்பி அடிக்கும்.

விமானம் பக்கம் மறந்தும் திருப்பக்கூடாது. திருச்சிக்கு இறங்கும் விமானங்கள் உண்டு, தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் போர் விமான அணி இருக்கிறது. நல்ல லேசரின் கோடுகூட ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் விரியும். மூன்று கிலோமீட்டர் தூரத்தில் அது மூன்று மீட்டர் வெளிச்சம், விமானி முகம் முழுக்கப் பச்சை. நகர்கிற விளக்கு ஏதாவது தெரிந்தால் கையை எடுத்துவிடுவதுதான் என் வழக்கம்.

சரி, உபயோகத்துக்கு வருவோம். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 11 டிகிரிதான், தென்னை மட்டைக்குள் ஒளிந்திருக்கும். வாயால் சொல்லிக் காட்டவே முடியாது, லேசர் ஒரு நொடியில் காட்டிவிடும். தை, மாசி ராத்திரிகளில் மிருகசீரிடம், திருவாதிரை, தெற்கே அகத்தியர் என்று வரிசையாகப் போகலாம். என் தோளை ஒட்டி நிற்கிறவர்களுக்குக் கோட்டு நுனி சரியாக நட்சத்திரத்தில் விழும். வரப்பில் தள்ளி நிற்கிறவர்களுக்குக் கொஞ்சம் விலகித் தெரியும். அவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பேனாவில் எனக்குப் பிடித்தது, அமுக்கினால்தான் எரியும், விட்டால் அணைந்துவிடும். குழாயில் ஒரு தட்டு தட்டினால் எரிந்துகொண்டே இருக்கும். பையில் போட்டபோது எரிந்தால் தெரியவே தெரியாது. பேனாவின் குறையும் சொல்கிறேன். சித்திரை மாதம் பைக் பெட்டிக்குள் கிடந்து சூடேறிய அன்று வெளிச்சம் பாதிக்குக் குறைந்தது. உள்ளே இருக்கும் டையோடு சூட்டில் அலை நீளம் மாறினால் படிகம் சரியாக வாங்கிக்கொள்ளாது. ரீசார்ஜ் பேட்டரி போட்டாலும் வெளிச்சம் குறைகிறது, ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தானே தருகிறது. சாதாரண டிரிபிள் ஏ இரண்டு போட்டால் நன்றாக இருக்கிறது, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். படிகம் இல்லாமல் டையோடிலிருந்தே பச்சை தரும் 520 நானோமீட்டர் வகையும் இப்போது வருகிறது. அதில் அகச்சிவப்புத் தொல்லை கிடையாது. கோடுதான் கொஞ்சம் பட்டையாக விழும். முனையில் மாட்டினால் நட்சத்திரக் கூட்டம்போலப் புள்ளிகள் விழவைக்கும் மூடி இலவசம் என்பார்கள், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு ரசீதோடு வாங்குகிறவர்கள், விற்கிறவரிடம் எழுத்தில் மூன்று கேளுங்கள்: அலை நீளம் என்ன, பவர் 5 மில்லிவாட்டுக்குள்தானா, அகச்சிவப்பு வடிகட்டி உண்டா. பதில் வராவிட்டால் வேறு கடை பார்க்கலாம். எனக்கு விற்றவர் மூன்றுக்கும் மறுநாளே பதில் அனுப்பினார். பேட்டரி மட்டும் வைக்கவில்லை.