‘என்னை யாரென்று சொல்லுகிறீர்கள்?’ – ராம்மோகன் ராய் முதல் கிருஷ்ண பிள்ளை வரை

இயேசு நல்லவர் என்பதில் நம்மூரில் யாருக்கும் தகராறு கிடையாது. புத்தர், காந்தி, இயேசு என்று வரிசையாகப் படம் மாட்டுபவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் கிறிஸ்தவம் கேட்பது இந்த மரியாதையை அல்ல. நாசரேத்திலிருந்து வந்த ஒரு தச்சர், ரோமானிய ஆட்சியில் சிலுவையில் அறையப்பட்டவர், அவரே கடவுள் என்கிறது. 325-இல் நைசியாவில் கூடிய ஆயர்கள், மகனும் தந்தையும் ஒரே தன்மையுள்ளவர்கள் என்று எழுதிவைத்தார்கள். மகனும் படைக்கப்பட்டவர்தான் என்ற, ஆரியுஸ் என்னும் பாதிரியாரின் கட்சி தோற்றது. 451-இல் கால்சிதோனில், முழுக் கடவுள், முழு மனிதர், ஆனாலும் ஒருவரே என்று வரையறுத்தார்கள். இப்படி வந்து நிற்கும் ஒரு கூற்றுக்கு ‘நல்லவர்’ என்று பதில் சொல்வது, கேள்வியைக் காதில் வாங்காமல் தலையாட்டுவது.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசுவே சீடர்களிடம் கேட்கிறார்: ஜனங்கள் சொல்வது இருக்கட்டும், நீங்கள் என்னை யாரென்று சொல்லுகிறீர்கள்? நம் பக்கத்தில் இதைத் தங்களிடம் கேட்கப்பட்டதாகவே எடுத்துக்கொண்டு பதில் சொன்னவர்கள் சிலர் உண்டு. அந்தப் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ராம்மோகன் ராய். 1820-இல் கல்கத்தாவில், நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் இயேசுவின் போதனைகளை மட்டும் பிரித்தெடுத்துப் புத்தகமாகப் போட்டார். அற்புதங்கள் இல்லை, கோட்பாட்டுச் சண்டைக்கு இடம் தரும் பகுதிகளும் இல்லை. அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று ரசமானது: ஆசியாக்காரர்களிடம் இதைவிடப் பெரிய அற்புதக் கதைகள் ஏற்கெனவே இருக்கின்றன, இவை அவர்களை அசைக்காது! அதே 1820-இல் அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சனும் பைபிளைக் கத்தியால் வெட்டி, போதனைகளை ஒட்டித் தனக்கென்று ஒரு பிரதி செய்து முடித்தார். இருவரும் பேசிவைத்துக்கொண்டு செய்ததல்ல.

ஜெஃபர்சன் தன் பிரதியை வெளியிடவில்லை. ராய் வெளியிட்டார், வாங்கிக் கட்டிக்கொண்டார். செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் கடுமையாகத் தாக்கினார். ராய் 1823 வரை மூன்று மறுப்புகள் எழுதினார். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் அச்சகம் மறுத்துவிட, சொந்தமாக அச்சகமே வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவரோடு பழகிய வில்லியம் ஆதாம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, விவாதத்தின் நடுவிலேயே திரித்துவத்தை, அதாவது தந்தை, மகன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கோட்பாட்டை, கைவிட்டு ராயின் பக்கம் வந்துவிட்டார். தன் சொந்த மதத்தில் பல தெய்வ வணக்கத்தை எதிர்த்தவர் ராய். அதே அளவுகோலைத்தான் திரித்துவத்துக்கும் வைத்தார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கலாம்.

ஆனால் அவருடைய கத்தரி சரியாக வெட்டுகிறதா? எனக்குச் சந்தேகம். போதனையின் உச்சம் என்று எல்லாரும் கொண்டாடும் மலைப் பிரசங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பூர்வத்தாருக்கு உரைக்கப்பட்டதென்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள், நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்’ என்று, வேதத்துக்கு மேல் தன் வாக்கை வைக்கிறார் இயேசு. முடிவில், கடைசி நாளில் யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்ப்பு சொல்பவரும் அவர்தான். இன்னொரு இடத்தில் திமிர்வாதக்காரனை, கைகால் விழுந்த நோயாளியை, பார்த்து உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். கடவுளைத் தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று வேதபாரகர், அதாவது யூத வேத அறிஞர்கள், முறுமுறுத்தது நியாயம்தானே? எனக்குச் செய்த தீங்கை நான் மன்னிக்கலாம். எவனோ எவனுக்கோ செய்ததை நான் எப்படி மன்னிப்பது? கூற்றை வெட்டினால் போதனையிலும் துண்டு விழுகிறது.

அதற்காக, 1940-களில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் பிபிசி வானொலியில் சொன்ன பிரபலமான வாதமும் எனக்கு ஒப்பவில்லை. இப்படிப் பேசுகிறவர் பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது அதைவிட மோசமானவராக இருக்க வேண்டும், அல்லது கடவுளாகவே இருக்க வேண்டும் என்றார் அவர். எழுதியவர்கள் கூட்டி எழுதியிருக்கலாம் என்ற வழியை அது அடைத்துவிட்டுப் பேசுகிறது. சரி, அந்த வழியும் அவ்வளவு சுலபமில்லை. இயேசுவைக் கடவுள் என்று வெளிப்படையாகப் பேசும் யோவான் சுவிசேஷம் பிந்தியது, முதல் நூற்றாண்டின் கடைசி என்கிறார்கள். ஆதித் திருச்சபையின் அப்போஸ்தலர் பவுலின் கடிதங்களோ சிலுவைக்குப் பிறகு இருபது, முப்பது வருஷத்துக்குள் எழுதப்பட்டவை. அவற்றிலேயே இயேசுவின் நாமத்துக்கு எல்லா முழங்காலும் மடங்குகிறது.

காந்தியின் பதிலை நம்மில் பலர் நம்முடையதாகவே வைத்திருக்கிறோம். கடவுளுக்கு மகன்கள் இருக்க முடியுமானால் நாம் எல்லாருமே மகன்கள்தான். சிலுவை மரணம் உலகுக்கு ஒரு பெரிய முன்மாதிரி, அதில் மர்மமான சக்தி எதுவும் இல்லை. அவர் வாழ்ந்து காட்டியதால் அவர் வாயில் அது கனமாக ஒலித்தது. நாம் சொல்லும்போது பெரும்பாலும் பேச்சை முடிக்கிற உபாயம்தான்.

சென்னை வழக்கறிஞர் வேங்கல் சக்கரையின் வழி வேறு. 1903-இல் ஞானஸ்நானம் பெற்றவர், தொழிற்சங்கத் தலைவர், பிற்பாடு மாநகர மேயர். இயேசுவை அவதாரம் என்றே சொல்லலாம் என்றார். ஒரு வித்தியாசம்: மற்ற அவதாரங்கள் காரியம் முடிந்ததும் கலைந்துவிடும், இது கலையாது, உயிர்த்தெழுந்த பிறகும் மனிதராகவே நிலைக்கிறார் என்றார். கெட்டிக்காரத்தனமான பாலம். ஆனால் பெரிய இடறல் பிறப்பில் இல்லை, சாவில் இருக்கிறது. கண்ணனும் வேடன் அம்பு பட்டுத்தான் போனான். அந்தச் சாவில் என் பாவம் தீர்ந்தது என்று எந்த ஆழ்வாரும் பாடவில்லை.

இனி இருவர், என் கணக்கில் கேள்வியை முழுசாகச் சந்தித்தவர்கள் இவர்கள்தான். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். பைபிளை வரிவரியாக அறிந்துகொண்டே ‘இல்லை’ என்றார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். 1854-இல் சைவ தூஷண பரிகாரம் என்ற நூலை வெளியிட்டார். எங்கள் கோயில் கிரியைகளைப் பழிக்கிறீர்களே, உங்கள் வேதத்திலேயே பலிபீடமும் தூபமும் இல்லையா என்று பைபிளை வைத்தே மடக்கினார்.

நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் அவருடைய காவியம் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது. சரணாகதியும் அருளும் அவர் ஏற்கெனவே அறிந்தவை. தன் பாவத்துக்காகக் கடவுளே செத்தார் என்பதுதான் புதிது, அதில் விழுந்தார்.

சைவர் மறுத்தார், வைணவர் ஏற்றார் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் யோசிக்க வைக்கிறது. சிவன் ‘பிறவா யாக்கைப் பெரியோன்’. கருப்பையில் புகுந்த கடவுள் சைவத்துக்கு உள்ளேயே நுழைய முடியாது. அடிபட்ட கடவுள் சைவத்திலும் உண்டு, மதுரையில். பிட்டுக்கு மண் சுமந்தவர் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் உட்பட எல்லா உயிர்மேலும் விழுந்தது. கிறிஸ்தவம் சொல்வது இதற்கு நேர் எதிர்: எல்லார்மேலும் விழவேண்டிய அடி ஒருவர்மேல் விழுந்தது. எல்லா மதமும் ஒன்றுதான் என்பவர்கள் இந்த இரண்டு அடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

நான் எங்கே நிற்கிறேன்? பவுல் வசதியான ஒரு காரியம் செய்திருக்கிறார். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று, மறுப்பவன் கை வைக்க வேண்டிய இடத்தை அவரே காட்டிக்கொடுக்கிறார். அந்த இடத்தில் எனக்கு ‘ஆம்’ வரவில்லை. சாட்சிகள் பொய்யர்கள் என்று நினைக்கவில்லை. கண்டதாக நம்பியதற்காக அடிபட்டவர்கள் அவர்கள். ஆனால் ஒரு செத்தவர் எழுந்தார் என்பதை ஏற்க அவர்கள் சாட்சியம் எனக்குப் போதவில்லை. ஆகவே என் பதில் நாவலரின் பதில்தான், காரணம் மட்டும் வேறு: கடவுள் பிறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பதோ கிருஷ்ண பிள்ளையை.