பெங்களூரு மொட்டை மாடிக்கு 6 அங்குல டாப்சோனியன்

பெங்களூரில் முதல் டெலஸ்கோப் வாங்குபவருக்கு 6 அங்குல டாப்சோனியனைத் தயங்காமல் சொல்லலாம்: தரையில் உட்காரும் சுழல் அடிப்பலகையின் மேல் ஒரு குழாய், அதன் அடியில் ஒளியைக் குவிக்கும் குழிக் கண்ணாடி. கண்ணாடியின் விட்டம் 150 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ. அட்டைப்பெட்டியில் ‘600 மடங்கு’ என்று அச்சடித்து, ஆடுகிற முக்காலியோடு விற்கும் டெலஸ்கோப்பைத் தொடவே வேண்டாம். இந்த ஊர்க் காற்றில் 150 மடங்கைத் தாண்டினாலே பெரும்பாலான இரவுகளில் படம் கலங்கிவிடும்.

பெரும்பாலும் கூடவே வரும் 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) 48 மடங்கு கிடைக்கும், 10 மி.மீ. போட்டால் 120. அதில் வியாழனின் இரண்டு கரும்பட்டைகள் தெளிவாகத் தெரியும். பூமி சுழல்வதால் இரண்டு நிமிடத்துக்குள் கோள் பார்வை வட்டத்தை விட்டு நகர்ந்துவிடும். குழாயை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே பார்க்க வேண்டும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பு காட்டியது. அது நன்றாக விரிய 2032 வரை ஆகும், அதனால் வளையம் மெலிந்து தெரிந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

மார்கழி, தை இரவுகளில் திருவாதிரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களிலிருந்து தொங்கும் ‘வாள்’ என்கிற மங்கிய நட்சத்திர வரிசையைப் பாருங்கள். 48 மடங்கில் அதன் நடுவே நான்கு பொடி நட்சத்திரங்கள், மூக்குத்தியில் பதித்த கற்கள் மாதிரி. சுற்றிலும் சாம்பல் நிறப் புகை: ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம். போட்டோவில் வரும் சிவப்பு தெரியாது. மங்கிய ஒளியில் நம் கண் நிறம் பிரிப்பதில்லை. அல்சூர் தெருவிளக்குகளுக்கு நடுவே அந்தப் புகையும் பாதியாகச் சுருங்கும். 8 அங்குலம் வாங்கினாலும் வானத்தின் வெளிச்சமும் சேர்ந்தே கூடும். ஊரைத் தாண்டி இரண்டு மணி நேரம் போவதுதான் வழி.

படம் வெந்நீர் போலக் கொதித்தால் கண்ணாடி இன்னும் ஆறவில்லை. அரை மணி முன்பே வெளியே வையுங்கள். பகல் வெயில் குடித்த கான்கிரீட் தளமும் சூட்டைக் கக்கும்; பத்து மணிக்கு மேல் பாருங்கள், பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே குறி வைக்காதீர்கள்.

ஆட்டோவில் கொண்டுபோனால் கண்ணாடிகளின் நேர்வரிசை பிசகும். 120 மடங்கில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸைச் சற்றே கலையுங்கள்; நட்சத்திரம் வளையங்களாக விரியும், அவற்றுக்குள் ஒரு கருநிழல் தெரியும். அந்தக் கருநிழல் வளையங்களின் நடுவில் இல்லையென்றால் பின்பக்கத்து மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சரிசெய்ததைப் பிடித்துவைக்கும் பூட்டுத் திருகை முறுக்கி இறுக்கினால் கண்ணாடி நெளிந்து நட்சத்திரம் முக்கோணமாகிவிடும்.

அடிப்பலகை பார்ட்டிகிள் போர்டு என்பதுதான் பெரிய குறை. ஒரு மழை பட்டாலே விளிம்பு ஊதிக்கொள்ளும், பிறகு அசைவு சிக்கும். தார்ப்பாய் மூடி மாடியிலேயே விடாதீர்கள். குழாயையும் அடியையும் தனித்தனியாகத் தூக்கினால் லிஃப்ட் இல்லாத வீட்டிலும் சமாளிக்கலாம். உள்ளே கொண்டுவந்ததும் மூடியைப் போடாமல் பனி ஈரம் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும்.