கிரின் மின்கரண்டி: டிமென்ஷியா உள்ளவருக்கு வாங்கலாமா?

"குழம்பில் உப்பே இல்லை" என்று டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர் தினமும் சொன்னால், குறை நாக்கில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிமென்ஷியாவின் பரவலான வகையான அல்சைமரில் முதலில் அடிபடும் புலன்களில் ஒன்று மோப்பம். மணம் எட்டாவிட்டால் எந்தக் குழம்பும் சப்பென்றுதான் இருக்கும். கை உப்பு ஜாடிக்குப் போகும். ரத்தக் கொதிப்பும் இருந்தால் அது பெரிய கவலை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு.

இந்த இடத்தில்தான் ஜப்பானின் கிரின் நிறுவனம் 2024 மே மாதம் விற்பனைக்கு விட்ட மின்கரண்டி ஆசை காட்டுகிறது. மெய்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோமெய் மியாஷிதாவோடு சேர்ந்து உருவாக்கியது. எடை 60 கிராம். அறிமுக விலை 19,800 யென். மெல்லிய மின்னோட்டம், உணவில் கலைந்து கிடக்கும் சோடியம் அயனிகளை (உப்புச் சுவை தரும் மின்னேற்றத் துகள்களை) நாக்கின் பக்கம் திரட்டுகிறது. உப்பு குறைத்த உணவில் உப்புச் சுவை சுமார் 1.5 மடங்காகத் தெரியும் என்கிறது கிரின்.

யோசனை நல்லது. ஆனால் மின்னோட்டம் போகும் வழியைப் பாருங்கள்: கரண்டி முனை, உணவு, நாக்கு, உடல், கை, கைப்பிடியின் பின்பக்க மின்முனை. சாப்பிடுகிறவரின் விரல் அந்த மின்முனையில் வெறும் தோலாகப் பட வேண்டும். பிடி நழுவினாலோ துணியோடு பிடித்தாலோ சுற்று அறுந்துவிடும். நீங்கள் ஊட்டிவிட்டால் கைப்பிடியில் இருப்பது உங்கள் கை. அவருக்கு அது வெறும் கரண்டி. ஆகவே தானே எடுத்துச் சாப்பிடும் ஆரம்ப நிலைக்கு மட்டுமே இது பொருந்தும். அப்போதும் ரசம், சூப் போல நீர்த்த உணவுக்குத்தான் சரி. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று: இது உப்பைக் கூட்டிக் காட்டுமே தவிர, போன மணத்தைத் திருப்பித் தராது. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியா வகையில் வரும் தீராத இனிப்பு ஆசைக்கும் இதில் பதில் இல்லை.

அவ்வளவு பணம் போடுமுன் வாயைத் திறந்து பாருங்கள். வறட்சி, நாக்கில் வெள்ளைப் படிவு, சரியாகப் பொருந்தாத பல்செட், புதிதாகத் தொடங்கிய மாத்திரை: எல்லாமே ருசியைக் கெடுக்கும். உப்பைக் குழம்பில் பாதியாகக் குறைத்து, பரிமாறும்போது ஒரு சிட்டிகையை மேலாகத் தூவிப் பாருங்கள். உள்ளே கரைந்த உப்பைவிட மேலே கிடக்கும் உப்பு நாக்கில் சட்டென்று படும். கூடவே அரை மூடி எலுமிச்சை பிழியலாம். ஜாடி மட்டும் மேஜையில் வேண்டாம். போட்டதை மறந்து மறுபடியும் போடுவார்.